ரூனே சட்டையைக் கழற்றவில்லை

அன்று காலையிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மரம் அறுக்கும் ஆலைக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு டாக்டர் வருவது ஆண்டுக்கு இரண்டே முறை. அவர் ஒரு மணி ரயிலைப் பிடிக்க வேண்டும். அதற்குள் நாற்பது பையன்களையும் நிறுத்தி, எடை பார்த்து, முதுகைக் காட்ட வைக்க வேண்டியது பள்ளி நர்ஸான என் பாடு. உடற்பயிற்சிக் கூடத்தில் அடுப்பு எரிந்தும் பிப்ரவரிக் குளிர் தரை வழியாக ஏறியது. இடுப்புக்கு மேல் துணியில்லாமல் வரிசையில் நின்ற பயல்கள் ஒருவனை ஒருவன் இடித்துக்கொண்டு, கால் மாற்றிக் கால் குதித்துக்கொண்டிருந்தார்கள். போதாக்குறைக்கு டாக்டர் வேறு நிமிடத்துக்கு ஒரு தரம் கடிகாரத்தைப் பார்த்தார்.

பெரிய பையன்களில் பாதிப் பேர் அரை நிக்கருக்குக் கீழே காலுறையைச் சணல் கயிற்றால் கட்டியிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்பளிக் காலுறை நழுவாமல் இருக்கத்தானே வார் வைத்த உள்சட்டை என்று ஒன்று இருக்கிறது? கையில்லாத சின்னச் சட்டை; அதன் விளிம்பில் தொங்கும் நான்கு வார்கள் காலுறையை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஆணோ பெண்ணோ, இந்த நாட்டில் அதைப் போடாமல் வளர்ந்த குழந்தை கிடையாது. ஆனால் ஒன்பது வயதானதும் துரைமார்களுக்கு அது பெண்பிள்ளை உடுப்பாகிவிடுகிறது. டாக்டர் வருகிற நாளில் அதை வீட்டில் ஒளித்துவிட்டுக் கயிற்றோடு வந்து நிற்கிறார்கள்.

"அடுத்த ஆளு," என்றார் டாக்டர்.

ரூனே வந்தான். சட்டையோடு வந்தான்.

"கழட்டுடா."

"குளிருது."

"எல்லாருக்குந்தான் குளிருது. கழட்டு."

அவன் இரண்டு கைகளையும் மார்போடு இறுக்கிக்கொண்டான். "பொண்ணுக்கு வெக்கம் வந்துருச்சுடா," என்று வரிசையில் ஒருவன் சொல்ல, மற்றவர்கள் கெக்கலித்தார்கள். நான் அதட்டினேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"யாராவது அடிச்சாங்களா?"

ரூனே வரிசையைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"ஆமா."

"யாரு?"

"அப்பா."

டாக்டர் பையிலிருந்து குழந்தை நல வாரியத்தின் படிவம் ஒன்றை எடுத்தார்.

"அம்மா?"

"செப்டம்பர்ல தவறிட்டாங்க," என்றேன் நான்.

"ஆலைக்கு ஆள் அனுப்பி அப்பனை வரச் சொல்லுங்க, சிஸ்டர். இன்னிக்கு ராத்திரி இவன் அந்த வீட்டுல படுக்கக் கூடாது."

ரூனேயின் அப்பா ஹில்டிங்கை எனக்குத் தெரியும். ஆற்றில் வரும் மரங்களைப் பிரித்து அடுக்குகிறவர். பத்து வார்த்தை கேட்டால் ஒன்று பேசுவார். ஆனால் அதிகம் பேசாத ஆட்களின் வீட்டிலும் நீலம் பாரித்த முதுகுகளை நான் பார்த்திருக்கிறேன். ஆலைக்கு ஒரு பையனை ஓடவிட்டேன். ரூனேயைத் திரைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

"நான் மட்டுந்தான் இருக்கேன். காட்டு."

நானே பொத்தான்களைக் கழற்றினேன். உள்ளே இளஞ்சிவப்பில், பளபளவென்று, அவன் அம்மா எல்னாவின் இடுப்புக்கச்சு இருந்தது. விறைப்புக்கு வைத்த குச்சிகளை உருவி, பாதியாக வெட்டி, சாக்கு தைக்கும் நூலால் முரட்டுத் தையல் போட்டு, அதை வார் வைத்த உள்சட்டை ஆக்கியிருந்தார் ஹில்டிங். வாருக்கு சைக்கிள் டியூப். கொக்கிகள் முதுகுப் பக்கம் இருந்தன. காலையில் வேலைக்குப் போகுமுன் அப்பா மாட்டிவிட்டால் மாட்டியதுதான், பையனால் தானாகக் கழற்ற முடியாது. தோலில் கொக்கி அழுத்திய தடத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

"இதுக்காடா அப்பா அடிச்சாருன்னு சொன்ன?"

"அவனுங்க பாத்துருவானுங்க, சிஸ்டர்."

"உன்னைக் கூட்டிட்டுப் போயிருவாங்கடா. வேற ஊருக்கு, முன்னப்பின்ன தெரியாதவங்க வீட்டுக்கு."

"அங்க முழு பேன்ட் குடுப்பாங்களா?"

காலுறை நழுவிப் பையன் முழங்கால் தெரிய வருகிறான், ஒழுங்காக உடுத்தி அனுப்பவும் என்று ஜனவரியில் ஹில்டிங்குக்குச் சீட்டு எழுதியது சாட்சாத் நான்தான். மனைவி போய் நான்கு மாதமான மனிதர் துணிக்கு எங்கே போவார் என்று எனக்குத் தோன்றவேயில்லை. வெட்கமாக இருந்தது. கச்சை அவிழ்த்து என் ஏப்ரன் பைக்குள் திணித்துக்கொண்டு, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து, அவனை வெற்று முதுகோடு டாக்டர் முன்னால் நிறுத்தினேன்.

டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணும் இல்லியே. அப்ப பொய்யா?"

ரூனே என் ஏப்ரன் பையைப் பார்த்தான்.

"பயந்துட்டுப் பேச மாட்டேங்கிறான், சிஸ்டர். தடம் ரெண்டு நாள்ல மறைஞ்சிரும். நான் எழுதத்தான் போறேன்."

பேனா நகர ஆரம்பித்தது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன், ரூனே என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், மூடிக்கொண்டேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. அதற்குள் கதவு திறந்து, தோளெல்லாம் மரத்தூளோடு ஹில்டிங் வந்து நின்றார்.

"நீங்க அடிக்கிறீங்கன்னு பையன் சொல்றான்," என்றார் டாக்டர்.

"இவனா சொன்னான்?"

"இவனேதான்."

ஹில்டிங் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மகனைப் பார்த்தார்.

"இவன் பொய் சொல்ற பையன் இல்ல, டாக்டர். நான் என்ன பண்ணேன்னுதான் எனக்குப் புரியல. எழுதிக்குங்க."

ரூனே சட்டென்று என் ஏப்ரன் பைக்குள் கையை விட்டு அதை வெளியே இழுத்தான். டியூப் வார்கள் நான்கும் ஆட, அதை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தான்.

"அப்பா அடிக்கல. நான் இதத்தான் மறைச்சேன். அப்பா தச்சது."

வரிசை வெடித்துச் சிரித்தது. ஒருவன் தரையில் உட்கார்ந்தே விட்டான். நான் போட்ட சத்தம் எனக்கே கேட்கவில்லை. ரூனே காது வரை சிவந்து, ஆனால் கையை இறக்காமல் நின்றான். ஹில்டிங்குக்கு அந்தச் சிரிப்பு காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. மகன் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"கலர் போகட்டும்னு மூணு தடவ வேகவச்சேன்டா," என்றார். "போகல."