பதினாலும் பத்தொன்பதும்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு பல்லின் கதை சொல்கிறேன், மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் தீவு தீவாகப் படகோட்டித் திரிந்த ஒருவனின் கடைவாய்ப்பல்... மரபணு பார்க்க அதைப் பொடித்துக் கொடுத்த ஆய்வுக்கூட உதவியாளன் கையுறையைக்கூடக் கழற்றாமல் முடிவு வந்த காகிதத்தையே திரும்பத் திரும்பப் படிக்கிறான். டாக்டரம்மா சிரித்துக்கொண்டேதான் காகிதத்தைக் கொடுத்தார், "பல்லுல யாரு எச்சிலும் படல. ஆனா வேடிக்கையைப் பாரு, அந்த ஏசி மெக்கானிக், பத்தொன்பதாம் நம்பர், தகப்பன் வழியில இந்தப் பல்லுக்காரனுக்குச் சொந்தம். நீ பதினாலு, உனக்கும் இந்தக் கடலோடிங்களுக்கும் ஒட்டுமில்ல, உறவுமில்ல." அந்த அறைக்குள் கால் வைக்கிற எவரும் கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் தேய்த்துக் கொடுக்க வேண்டும், அவரவர் எச்சில் பழைய எலும்பில் ஒட்டினால் கண்டுபிடிக்க, பெயர் கிடையாது, நம்பர்தான், போன மாதம் ஏசி பழுதானபோது மெக்கானிக்கைக் கூட்டிவந்து பஞ்சைக் கொடுத்ததே இவன்தான், வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்டான்... அந்த மெக்கானிக் இவனுடைய கூடப்பிறந்த அண்ணன் என்பது டாக்டரம்மாவுக்குத் தெரியாது.

ஒரு தகப்பன் பிள்ளைகளுக்கு ஒரே வழிதானே வரும்? பஞ்சு மாறியிருக்குமோ? இவனே உறை ஒட்டி, இவனே நம்பர் எழுதி... மாறாது. அம்மா... வேண்டாம், போய்ச்சேர்ந்தவளை விசாரிக்க நான் யார்? அப்பா, அவருடைய அப்பா, எல்லாரும் படகோட்டிகள், அண்ணன் படகில் நின்றுகொண்டே தூங்குவான், இவனோ கயிறு அவிழ்க்கும் முன்பே வாந்தியெடுப்பான், இது தெரிந்தால் அப்பா என்று கூப்பிட வாய் வருமா, கூப்பிட்டால் அவர் திரும்புவாரா?

கைப்பேசி அதிர்ந்தது. கீழே வண்டியோடு காத்திருக்கும் அண்ணன்.

"டேய் வாந்திப்பயலே, எவ்வளவு நேரம்டா? நீ வந்தாத்தான் அப்பா தட்டு வைப்பாராம். பெத்தது ரெண்டு, பாசம் மட்டும் ஒண்ணு மேலதான்."

"இதோ வரேண்ணா."

காகிதத்தை எட்டாக மடித்தான், குப்பையில் போட்டால் யாராவது எடுப்பார்கள், சட்டைப்பையில் வைத்தால் துவைக்கிற அப்பா கையில்தான் சிக்கும், காலுறைக்குள் செருகிக்கொண்டு இறங்கினான், ஒவ்வொரு படிக்கும் அது குத்தியது... அண்ணன் எதை உடைத்தாலும் அப்பா தலையிலடித்துக்கொண்டு "யாருக்குப் பொறந்ததோ இது" என்பார், எல்லாரும் சிரிப்பார்கள், எந்த வீட்டிலும் சொல்கிற கேலிதானே... என்னை? படகில் வாந்தியெடுத்தபோது என் நெற்றியைத் தாங்கிக்கொண்டு, "கடல் எல்லாருக்கும் ஒத்துக்காதுடா" என்றார், அவ்வளவுதான். ஒரு தடவைகூட, விளையாட்டுக்குக்கூட, அந்த வார்த்தையை என்னிடம் சொன்னதே இல்லையே...

கால் படியிலேயே நின்றுவிட்டது. வெளியே அண்ணன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

நீங்கள் வரும்வரை தட்டு வைக்காமல் உட்கார்ந்திருக்கும் ஒருவர் உங்கள் வீட்டில் நூறாண்டு இருக்கட்டும், கண்ணுகளா.