நாற்பது சதவீத அப்பா

ஓய்வு பெற்ற மூன்றாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், தண்ணீர் மீட்டர்க்காரரின் ஊடாகச் சுவர்க் கடிகாரம் தெரிந்தது. மணி எட்டேகால். அதை முதலில் பார்த்தது அவர் மகள். வேலைக்கு நேரமாகிவிட்டதா என்று நிமிர்ந்தவள், முள் இருக்கும் இடத்தைப் பார்த்து, இன்னும் பொழுது இருக்கிறது என்று மேலும் ஒரு வாய் டீ குடித்தாள். அதற்குப் பிறகுதான் தனக்கும் கடிகாரத்துக்கும் நடுவில் அப்பா உட்கார்ந்திருக்கிறார் என்பது உறைத்தது.

அவர் முப்பத்துநாலு வருஷம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்துக் குறித்தவர். ஒரு நாளைக்கு நூற்றிருபது கதவுகள். அவருக்குப் பிறகு அந்த வேலைக்கு யாரையும் போடவில்லை. தானாகவே அளவைச் சொல்லிவிடும் மீட்டர்கள் வந்துவிட்டன. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். வாயைத் திறக்கச் சொல்லாமலே தொண்டை தெரிந்ததால் டாக்டருக்கு வேலை மிச்சம். சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். மகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். அவளே ஊசி போட்டு எடுத்தாள். நரம்பு நன்றாகத் தெரிந்தது, ஒரே குத்தில் கிடைத்தது. குழாயில் இறங்கிய ரத்தம் முழுச் சிவப்பாகத்தான் இருந்தது. சர்க்கரை மட்டும் கொஞ்சம் கூட. மற்றபடி குறை சொல்ல எதுவும் இல்லை. உடுத்திய அரைமணியில் சட்டையும் அவர் அளவுக்கு மங்கிவிடும், துவைத்துக் கொடியில் போட்டால் பழையபடி ஆகிவிடும். எதிர் வீட்டுக்காரி ஒருநாள் பேசிக்கொண்டே வந்து அவர் இருந்த நாற்காலியிலேயே உட்காரப் போனாள். அவர் இருமினார். "இருக்கீங்களாண்ணா, கவனிக்கல" என்றாள். "இருக்கேம்மா" என்று அவர் எழுந்து இடம் கொடுத்தார்.

மகள் படித்தது விலங்கியல். கல்லூரியில் அவளுக்குப் பிடித்திருந்த ஒரே விஷயம் ரெக்கார்டு நோட்டில் தவளையின் குடலையும் கரப்பான்பூச்சியின் வாயையும் கூர் பென்சிலால் வரைவது. வேலைக்கு வந்த பிறகு வரைய எதுவும் இல்லை. அதனால் அந்த வருஷம், மெத்தைக் கடை மாடியில் சனி ஞாயிறு நடந்த கணினி ஓவிய வகுப்பில் சேர்ந்தாள். மொத்தம் ஆறு பேர். சொல்லிக்கொடுத்தவள் அவளைவிட மூன்று வயது சின்னவள். கடைசியாக வரைந்ததை இல்லாமலாக்க அழுத்தும் இரண்டு விசைகளின் மேல் அந்த மிஸ்ஸின் இடக்கை விரல்கள் எப்போதும் காத்திருக்கும். ஒருமுறை தண்ணீர் பாட்டில் கவிழ்ந்தபோதுகூட விரல்கள்தான் முதலில் துடித்தன. வகுப்பில் அவளுக்குக் கண்ட்ரோல்-இசட் மிஸ் என்று பெயர்.

முதல் பாடம் அடுக்கு. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தமாதிரி படத்தை அடுக்கடுக்காக வரைய வேண்டும். ஒவ்வொரு அடுக்குக்கும் எவ்வளவு அழுத்தம் என்று பூஜ்யத்திலிருந்து நூறுவரை இழுக்க ஒரு கோடு உண்டு. திரையில் இருந்த ஆப்பிளை மிஸ் மெதுவாக இழுத்து மங்கலாக்கியபோது, ஆப்பிளின் பின்னால் இருந்த கட்டம்போட்ட துணி தெரிய ஆரம்பித்தது. மகள் வகுப்பில் அதுவரை வாயே திறந்ததில்லை. "இப்ப எவ்வளவு மிஸ்?" என்று கேட்டாள். எழுபது என்றாள் மிஸ். வீட்டுக்கு வந்ததும் ஓர் அட்டையில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் அச்சடித்து அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒரு கையால் பிடித்து, மறுகையால் முன்னாலிருந்து படமெடுத்து, திரையில் ஒப்பிட்டுப் பார்த்தாள். அறுபத்தெட்டு வந்தது. அம்மாவிடம் சொன்னாள்.

"அறுபத்தெட்டா? வயசைவிட எட்டு கூடத்தானே இருக்கார். போதும்" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு மகள் அட்டையைப் பிடித்தாள். அறுபத்தொன்று. ஐம்பத்தைந்து. நாற்பத்தேழு. மழைக்காலம் முடிந்தபோது நாற்பது. வரைபடத் தாளில் புள்ளிகள் வைத்துக் கோடு இழுத்துப் பார்த்தாள். கோடு நேராக இறங்கி, மார்ச் இரண்டாவது வாரத்தில் பூஜ்யத்தைத் தொட்டது. அந்தத் தாளை மடித்துப் பரிசோதனைக் கூடத்து மேசை இழுப்பறையில் வைத்துவிட்டாள், வீட்டில் யாரிடமும் காட்டவில்லை. அம்மா தன் பங்குக்கு, அவரைத் தாண்டிப் போகும்போதெல்லாம் முழங்கையால் லேசாக இடித்துவிட்டுப் போக ஆரம்பித்திருந்தாள். அவருக்கு மட்டும் எந்தக் கவலையும் இருந்ததாகத் தெரியவில்லை. "வலிக்கல, கிலிக்கல. உங்களுக்கு வெளிச்சத்தை மறைக்காம உட்கார்ந்திருக்கேன், நல்லதுதானே" என்றார்.

வகுப்பில் வீட்டு மனிதர் ஒருவரை வரைந்துவரச் சொன்னார்கள். தினமும் வேலைக்குப் போகுமுன் அப்பாவை ஜன்னலோரம் உட்காரவைத்து வரைந்தாள். முப்பத்துநாலு வருஷம் அடுத்தவர் வீட்டுக் கதவில் காத்து நின்றவர் என்பதால் அவருக்கு அசையாமல் இருப்பது கைவந்த கலை. கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் வரைய வேண்டும் என்பது விலங்கியல் பழக்கம். ஆகவே நாற்பது சதவீத அழுத்தத்திலேயே வரைந்தாள், தோள்களின் வழியாக ஜன்னல் கம்பிகள் தெரிய. ஞாயிறு காலை மிஸ் குனிந்து பார்த்தாள்.

"ஏன்க்கா இவ்வளவு மங்கலா இருக்கார்?"

"அவர் அப்படித்தான் மிஸ்."

"முகம் நல்லா வந்திருக்கே, வீணாக்காதீங்க. இந்த அடுக்கை அப்படியே ஒரு நகல் எடுத்து அது மேலயே வைங்க. தன்னால கனம் ஏறும்."

மகள் நகல் எடுத்தாள். கம்பிகள் பாதி மறைந்தன. இரண்டு நிமிடத்தில் கைப்பேசி அடித்தது. "வகுப்பு முடிஞ்சதும் நேரா வீட்டுக்கு வா" என்றாள் அம்மா. குரல் ஒருமாதிரி இருந்தது. "உங்கப்பா டிவியை மறைக்கிறார்."

அறுபத்து நாலு. மகள் அட்டையைப் பிடித்து உறுதிசெய்துகொண்டாள். அடுத்த ஞாயிறு இன்னொரு நகல் வைத்தாள், எழுபத்தெட்டு ஆனது. பிறகு எண்பத்தேழு, தொண்ணூற்றிரண்டு. ஒவ்வொரு அடுக்கும் மீதியிருக்கும் குறையில் நாற்பது சதவீதத்தைத்தான் நிரப்பும் என்பதும், எத்தனை அடுக்கு வைத்தாலும் முழு நூறு வராது என்பதும் கணக்குத் தெரிந்த யாருக்கும் விளங்கும். அவளுக்கும் விளங்கியது. எட்டாவது அடுக்கில் தொண்ணூற்றெட்டு வந்தபோது போதும் என்று நிறுத்தினாள். அப்பா கடைத்தெருவுக்குப் போய்வந்தார். இரண்டு பேர் வணக்கம் சொன்னதாகச் சொன்னார்.

அங்கேயே விட்டிருக்கலாம். ஆனால் அவள் கணினி யாரோ பயன்படுத்திக் கழித்தது. எட்டு அடுக்குகளின் பாரம் தாங்காமல் மூச்சுவாங்கியது. ஆகவே எல்லா அடுக்குகளையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே படமாக்கினாள். அந்த வாரம் வகுப்பில் புதிதாக ஒரு தூரிகை சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பக்கத்துத் தோலை எடுத்துக் கறையின்மேல் பூசி, கறை இருந்த சுவடே தெரியாமல் செய்வது. ஆறு பேரும் யார் முகத்தைப் பார்த்தாலும் கை துறுதுறுத்த வாரம் அது. படத்தை உருப்பெருக்கிப் பார்த்தவள், மூக்கருகில் ஒரு புள்ளி, கன்னத்தில் ஒரு கோடு, நெற்றியில் ஏதோ ஒன்று என்று போகிறபோக்கில் துடைத்தாள். சேமித்தாள். மூடினாள்.

மறுநாள் காலை அம்மா டீயைக் கொண்டுவந்து அவர் முன்னால் நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"தழும்பு எங்கங்க?"

அவர் நெற்றியைத் தடவிப் பார்த்தார். "எந்தத் தழும்பு?"

"கரண்டித் தழும்பு."

"எந்தக் கரண்டி?" என்று கேட்டார் அவர். விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

கல்யாணமான முதல் வாரத்தில் நடந்தது அது. அதுவரை ஐந்து நாட்களாக அவர்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை. அவருக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டியிருந்தது. புது மனைவியை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. ஆகவே அடுப்படியில் அவள் முதுகுக்குப் பின்னால் போய், அவளாகத் திரும்பும்வரை நிற்கலாம் என்று நின்றார். அவள் திரும்பினாள், கையில் இரும்புக் கரண்டியோடு. புருவத்துக்கு மேலே பிளந்துவிட்டது. துணியை மடித்து நெற்றியில் அழுத்திப் பிடித்தபடி அவளே பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அந்தப் பஸ்ஸில்தான் முதன்முதலாகப் பேசினார்கள். போன வழியெல்லாம் பேசினார்கள். தையல் போட்டுக்கொண்டு திரும்பி வரும்போதும் பேசினார்கள். தழும்போடு சேர்ந்து அந்தப் பஸ்ஸும் அவரிடமிருந்து போய்விட்டிருந்தது. மகளுக்கு இந்தக் கதையே அன்றைக்குத்தான் தெரியும்.

"ஆள் முழுசா இருக்கார்" என்றாள் அம்மா. "என் ஆளாத் தெரியல." அன்றிலிருந்து அவரை முழங்கையால் இடிப்பதை நிறுத்திவிட்டாள்.

மகள் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மெத்தைக் கடை மாடிக்கு ஓடினாள். மிஸ் கேட்டுக்கொண்டே இருந்தாள், அவள் இடக்கை விரல்கள் மேசையைத் தட்டின. "சேர்த்துட்டீங்க, சேமிச்சிட்டீங்க, மூடியும் மூடிட்டீங்க" என்றாள். "இனி பின்னால போக முடியாதுக்கா. மேல வரையலாம், அவ்வளவுதான்."

மேலே வரைய மகள் உட்கார்ந்தபோது இன்னொன்று தெரிந்தது. இருபத்தேழு வருஷம் பார்த்த முகம். தழும்பு இடது புருவத்திலா வலது புருவத்திலா என்று அவளுக்கு நினைவில்லை. படங்களைத் தேடினாள். வேலை செய்த காலமெல்லாம் தொப்பி. அடையாள அட்டைக்கு எடுத்த படத்தில் ஸ்டூடியோக்காரரே நெற்றியைச் சுத்தம்செய்து கொடுத்திருந்தார். ஒரு குத்துமதிப்பாக இடது பக்கம் வரைந்து வைத்தாள். காலையில் அப்பா முகம் கழுவித் துடைத்தபோது அது துண்டோடு வந்துவிட்டது. துண்டில் ஒரு பழுப்புக் கோடு மட்டும் இருந்தது.

"நீ வரைம்மா" என்றாள் மகள்.

"எனக்குக் கையெழுத்தே நேரா வராது. என்னைப் போய் வரையச் சொல்றியே."

"நேரா வேண்டாம். அது இருந்தமாதிரி வந்தா போதும்."

இரண்டு நாள் மறுத்துவிட்டு, சனிக்கிழமை காலை அம்மா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவரை எதிரே ஜன்னலோரம் உட்காரவைத்தார்கள். மகள் புது அடுக்கு ஒன்று திறந்து, எழுத்துப் பலகையைத் தள்ளிக்கொடுத்தாள். அந்தப் பலகையில் மையில்லாத பேனாவால் எழுதினால் கோடு திரையில் விழும். கண் ஓரிடத்திலும் கை ஓரிடத்திலும் இருக்க வேண்டும். புதிதாகப் பழகும் எல்லோரும் கையைப் பார்த்துப் பார்த்துத்தான் கெடுப்பார்கள். மகளுக்கே அது பிடிபட மூன்று வாரம் ஆகியிருந்தது. அம்மா கையைப் பார்க்கவில்லை. திரையையும் பார்க்கவில்லை. அவர் நெற்றியைப் பார்த்தாள். பேனாவைக் கரண்டியைப் பிடிப்பதுபோல் முழுக்கையால் பிடித்திருந்தாள். வலது புருவத்தின் நடுவில் ஆரம்பித்தாள்; சற்று மேலேறி, ஓர் இடத்தில் தயங்கி வளைந்து, முடிக்குள் போகாமல் நின்றது கோடு. அதன் இரு பக்கமும் தையல் புள்ளிகள் வைத்தாள்.

அவர் புருவத்தைச் சுருக்கி, கையால் பொத்திக்கொண்டார். "மெதுவாம்மா. அன்னிக்கும் இப்படித்தான்."

அம்மா பேனாவை எடுத்துவிட்டாள்.

"தையல் நாலுதான்" என்றார் அவர். "நீ அஞ்சு போட்டிருக்கே, எரியுது."

"அஞ்சுதான். நர்ஸ் எண்ணும்போது நான்தான் பக்கத்துல நின்னேன். நீங்க கண்ணை மூடிக்கிட்டு முருங்கக்கொம்பு மாதிரி ஆடிக்கிட்டிருந்தீங்க."

"பஸ்ல ஜன்னல் சீட்டை உனக்கு விட்டுக் கொடுத்தேன், அதைச் சொல்லமாட்டே."

"நீங்க எங்க விட்டுக் கொடுத்தீங்க, நானா போய் உட்கார்ந்தேன்" என்றாள் அம்மா. எழுந்து அவர் பக்கத்தில் போய், முழங்கையால் நன்றாக ஒரு இடி இடித்தாள். தையல் நாலா ஐந்தா என்பது இன்றுவரை அந்த வீட்டில் தீரவில்லை.

அதற்குப் பிறகு சொல்ல அதிகம் இல்லை. தொண்ணூற்றெட்டு அப்படியே நிற்கவில்லை. மாதத்துக்கு ஒரு புள்ளி குறைந்தது. ஆகவே மாதம் ஒரு ஞாயிறு அம்மா ஏதாவது ஒன்றை நினைவுவைத்து வரைந்தாள்: மீட்டர் மூடி நசுக்கிய கட்டைவிரல் நகம், சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் விழும் மடிப்பு, சட்டையில் எப்போதும் போட மறக்கும் மேல் பொத்தான். ஒவ்வொன்றும் தனி அடுக்கு. மகள் எதையும் சேர்க்கவில்லை, எதையும் துடைக்கவில்லை. மார்ச் இரண்டாவது வாரம் வந்தது. அட்டையைப் பிடித்தாள், தொண்ணூற்றேழு. இழுப்பறையில் இருந்த தாளைக் கிழித்துப் போட்டாள். உச்சிவெயிலில் அவர் தெருவில் நடந்தால் பின்னால் வருகிறவர்களுக்கு முன்னால் இருக்கும் கடைப் பலகையின் பெரிய எழுத்துக்கள் லேசாகத் தெரியும். அதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை. எதிர் வீட்டுக்காரி மட்டும் ஒருநாள் அட்டையை இரவல் வாங்கிப் போனாள், தன் கணவருக்குப் பிடித்துப் பார்க்க.

இப்போது அந்தக் கோப்பில் நாற்பத்தொரு அடுக்குகள் இருக்கின்றன. திறக்க ஏழு நிமிடம் ஆகிறது. புதுக் கணினி வாங்கலாம் என்று மகள் சொன்னதற்கு இரண்டு பேருமே வேண்டாம் என்றுவிட்டார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு காலை அவர் ஜன்னலோரம் வந்து உட்காருகிறார். அம்மா பேனாவைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்காருகிறாள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த ஏழு நிமிடமும் செய்ய வேறு வேலை இல்லாததால், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.