கொழுத்த மாவுப்பூச்சி

பட்டு வளர்ப்போர் சங்கத்தின் பூச்சி ஒழிப்புத் துணைக்குழுவுக்கு நான் ஏகமனதாகத் தலைவர் ஆக்கப்பட்ட நாளை வரலாறு இன்னும் சரியாகக் கவனிக்கவில்லை. கவனித்தாக வேண்டும். அன்று கூட்டத்துக்கு என்னைத் தவிர வந்தவர்கள் ஏழு பேர். இருவர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீதி நால்வரும் பதவி தங்கள் தலையில் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் அவசரமாக என்னைக் கை காட்டினார்கள். நான் மூன்று முறை மறுத்தேன். நான்காவது முறை கேட்காமல் விட்டுவிடுவார்களோ என்று தோன்றியதும் ஒப்புக்கொண்டேன்.

பதவி ஏற்ற கையோடு ஒரு பூதக்கண்ணாடி வாங்கிச் சட்டைப்பையில் வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டேன். என் தங்கையின் கணவர் அன்றிலிருந்து என்னை டாக்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார். கேலி என்று தெரியும். ஆனாலும் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

தங்கையின் ஒரு ஏக்கர் மல்பெரித் தோட்டத்தில் அப்போது மாவுப்பூச்சி. கொழுந்துகள் பிழிந்துபோட்ட துணிபோல முறுக்கிக்கொண்டு, இடுக்கெல்லாம் வெள்ளை வெள்ளையாய் அப்பிக் கிடந்தது. அந்த இலையைப் பட்டுப்புழு தொடாது. மருந்தடிக்கலாம் என்றால், இலையில் தங்கும் விஷத்தைத் தின்று புழு தலையைத் தூக்கி, பச்சையாய்க் கக்கிச் சாகும். இரண்டு தடவை இலை போதாமல் பாதிப் புழுவைக் கொட்டியிருந்தாள் தங்கை.

"அண்ணா, இந்தத் தடவையும் இலை தேறலேன்னா செடியைப் பிடுங்கிட்டுத் தையல் கம்பெனிக்குப் போயிடறதா முடிவு பண்ணிட்டோம். அடுத்த மாசம் வளர்க்கறதுக்குப் புதுசா இளம்புழு வருது. அதுக்குள்ள ஏதாவது பண்ணு."

"நான் இருக்கும்போது உனக்கென்ன கவலை" என்றேன். அவள் கவலையே அங்கேதான் ஆரம்பித்திருக்க வேண்டும். ஆனால் அண்ணன் சொல்லை நம்பியே வளர்ந்தவள்.

மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டுகளை விடுவது என்று தீர்மானித்தேன். அது சரியான தீர்மானம். இந்தக் கதையில் நான் செய்த சரியான காரியம் அது ஒன்றுதான் என்பதால் இரண்டு தடவை சொல்கிறேன், அது சரியான தீர்மானம்.

வண்டுக்காரம்மா என்று ஒரு பெண்மணி. வீட்டின் பின்னறையில் பூசணிக்காய்களை அடுக்கி, அவற்றின்மேல் மாவுப்பூச்சியை வளர்த்து, அதை இரையாகப் போட்டு வண்டு வளர்த்து விற்பவர். பெட்டிகளை வாங்கிவர நானே போனேன்.

"ஐயா, ஒண்ணு சொல்லணும். ரெண்டு மூணு வாரம் கழிச்சு செடியில பாத்தீங்கன்னா..."

"அம்மா, நான் துணைக்குழுத் தலைவர்."

"அது சரிங்க. இருந்தாலும்..."

"எனக்கே பாடமா?" என்று சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டுப் பெட்டியைச் சணலால் கட்டினார்.

வண்டுகளைத் திறந்துவிடும்முன் வரப்பில் நின்று இயற்கையின் சமநிலை பற்றிச் சில வார்த்தைகள் பேசினேன். மாப்பிள்ளை பெட்டியைக் கையில் ஏந்தியபடி நின்றார்.

"மச்சான், வண்டெல்லாம் முழுசா கேட்டுட்டுத்தான் பறக்கணுமா, இல்ல இப்பவே விட்டுடலாமா?"

பதினெட்டு நாள் கழித்துப் பரிசோதனைக்குப் போனேன். கொழுந்தைப் பிரித்துக் கண்ணாடியை வைத்துப் பார்த்தவன் திடுக்கிட்டேன். வழக்கமான மாவுப்பூச்சி எள்ளளவு இருக்கும். இங்கே விரல்நக நீளத்துக்கு, உடம்பெல்லாம் வெள்ளைப் பஞ்சுத் திரிகள் தொங்க, ஆட்டுக்கிடா மாதிரி உலாத்திக்கொண்டிருந்தன. சில செடிகளில் ஏழெட்டு. வண்டையோ தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

"வண்டு தோத்துப்போச்சு. பூச்சி தின்னு கொழுத்துப்போச்சு" என்று அறிவித்தேன்.

தங்கை ஒன்றை விரலில் ஏற்றிப் பார்த்தாள். "மாவுப்பூச்சி ஒட்டின இடத்துலயே கிடக்கும். இது ஓடுதேண்ணா."

"உன்னைப் பாத்த பயம்."

"எங்க வீட்டுல எறும்புகூட இவளைப் பாத்து பயப்படாது" என்றார் மாப்பிள்ளை.

"பெரிய பூச்சியை ஒண்ணு விடாமப் பொறுக்கணும். ஒவ்வொண்ணும் நூத்துக்கணக்குல முட்டை போடும்" என்றேன். அவை முட்டையே போடும் பருவத்தில் இல்லை. அதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

இரண்டு நாள் பொறுக்கினோம். சோப்புத் தண்ணீர் வாளியில் போடப் போட, பஞ்சு நனைந்து சுருங்கி அவை அடியில் போய்ப் படிந்தன. சின்னதை விட்டுவிட்டு, பெரியதை மட்டும். தங்கைக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நான் வரப்பில் நாற்காலி போட்டு எண்ணிக்கை எழுதினேன். ஆயிரத்து நானூற்றுச் சொச்சம். தலைவராகி நான் காட்டிய முதல் சாதனை என்று மனசுக்குள் தலைப்புகூட வைத்துவிட்டேன்.

ஒரு வாரத்தில் தோட்டம் முழுக்க மாவுப்பூச்சி அப்பி வெளுத்தது.

"வண்டுக்காரம்மா ஏமாத்திட்டாங்க. சரக்கு மோசம்" என்றேன். தங்கை அழுதுகொண்டே கிளம்பினாள். நானும் கூடப் போனேன். அந்த அம்மா வீட்டு வாசலில் வேறு இரண்டு விவசாயிகள் நின்றிருந்தார்கள். பெரிய பூச்சி பொறுக்கிய கதையை நான் சொல்லி முடித்ததும், அவர்கள் எதிரிலேயே தங்கை கேட்டுவிட்டாள். "உங்க வயித்துப் பிழைப்புக்கு என் தோட்டம்தான் கிடைச்சுதா?" ஒரு ஈயைக்கூட அதட்டாதவள். அந்த வார்த்தையை வழியெல்லாம் சொல்லிக்கொடுத்துக் கூட்டிப்போனவன் நான்.

அந்த அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார். "பெரிய பூச்சின்னீங்களே, எப்படி இருந்துச்சு?"

நான் விரலில் அளவு காட்டினேன். பஞ்சுத் திரி, ஓட்டம், கொழுப்பு எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னேன்.

பின்னறைக் கதவைத் திறந்து, ஒரு பூசணிக்காயைக் குழந்தையைப்போல இரண்டு கையிலும் ஏந்தி வந்தார். மேலெல்லாம் அதே வெள்ளைக் கிடாக்கள்.

"இதுவா?"

"இதேதான். வீட்டுலயே வளர்த்து அனுப்பறீங்களா? நீங்களே பாருங்கய்யா" என்று அந்த இரண்டு விவசாயிகளையும் சாட்சிக்குக் கூப்பிட்டேன்.

அவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் ஏதோ சரியில்லை.

"இது வண்டோட புள்ளைங்க ஐயா" என்றார் அந்த அம்மா, குரலை உயர்த்தாமல். "சின்னதுல மாவுப்பூச்சி மாதிரியே வேஷம் கட்டிக்கிட்டு அதுங்களுக்கு நடுவுல இருந்தே தின்னும். வளந்த வண்டைவிட இதுங்கதான் அதிகம் தின்னும். அன்னிக்குச் சொல்ல வந்தது இதைத்தான்."

ஒரு விவசாயி சிரிப்பை அடக்கத் துண்டை வாயில் வைத்துக்கொண்டார். அவர் வாய்விட்டுச் சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் பரவாயில்லாமல் இருந்திருக்கும்.

தங்கை என் பக்கம் திரும்பவே இல்லை. அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சுக்குங்கக்கா. தெரியாம பேசிட்டேன்."

"இருக்கட்டும்மா. அடுத்த வண்டு தயாராக இருபத்தஞ்சு நாள் ஆகும்."

இளம்புழு வர ஒன்பது நாள்தான் இருந்தது. திரும்பும் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் இருவர் மட்டும் உட்கார்ந்திருந்தோம். நடுவில் அவள் பையை வைத்தாள். திட்டுவாள் என்று இறங்கும்வரை காத்திருந்தேன்.

இளம்புழு வேறொருவருக்குப் போயிற்று. மாப்பிள்ளை செடிகளை வேரோடு பிடுங்கினார். அன்று உதவிக்குப் போனேன். "வேணாம் மச்சான், நாங்க பாத்துக்கறோம்" என்றார். டாக்டர் என்று சொல்லவில்லை.

அடுத்த மாதம் சங்கக் கூட்டம். மாவுப்பூச்சி பற்றி நான் பேச வேண்டும். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுவது என்று முதல் நாளே முடிவு செய்து, கண்ணாடி முன்னால் இரண்டு தடவை சொல்லியும் பார்த்திருந்தேன். எழுந்து நின்றதும் வாயிலிருந்து வந்தது வேறு. "ஒரு விவசாயி என்ன செய்தார் தெரியுமா? வண்டின் குஞ்சுகளையே பூச்சி என்று நினைத்து வாளி வாளியாகக் கொன்றுவிட்டார்."

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

"யாருங்க அந்த அறிவாளி?" என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார்.

கடைசி வரிசையில், என் பேச்சைக் கேட்கத் தையல் கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமலே வந்து உட்கார்ந்திருந்த தங்கை எழுந்தாள்.

"நான்தாங்க" என்றாள். "பாத்துப் பொறுக்கியிருக்கணும். தெரியாம போச்சு."

எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். மறுத்துச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது, நிறையவே இருந்தது.

நான் அடுத்த தலைப்பான இலைச்சுருட்டுப் புழுவைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன்.