அழைக்க வேண்டிய எண்

பேட்டிக்கு வந்த பெண் ரெக்கார்டரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பேட்டரி மூடியை நகத்தால் நெம்பி உள்ளேயும் பார்த்தாள். நான் தடுக்கவில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் நாற்காலியையும் கவிழ்த்துப் பார்த்திருப்பேன்.

பால்புதுமை இளையோரின், அதாவது பெண்ணைப் பெண்ணும் ஆணை ஆணும் விரும்புகிற மாதிரியான பிள்ளைகளின், மனநலம் பற்றிய ஆய்வு. நான் அதில் பேட்டி எடுக்கிறவள். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவளும் நான்தான். என் வேலை என்னவென்று அம்மாவுக்கு இன்னும் பிடிபடவில்லை. "ஆஸ்பத்திரி மாதிரியா, ஆபீஸ் மாதிரியா?" என்பாள். ரெண்டும்தான் என்பேன். ஆய்வின் தலைப்பைச் சொன்னதில்லை. சொன்னால் அடுத்த கேள்வி என்னைப் பற்றியதாக இருக்கும்.

வருகிறவர்கள் உண்மைப் பெயர் சொல்ல வேண்டாம், பட்டப்பெயர் போதும் என்பது விதி.

"கொசுன்னு எழுதிக்கோங்க" என்றாள்.

"ஏன்?"

"வீட்டுல என்னைப் பாத்தாலே எல்லாருக்கும் கை ஓங்குது."

அவளே சிரித்தாள். நான் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பேனாவைத் திறந்து மூடினேன்.

அதன்பிறகு எல்லாம் ஒப்புக்குத்தான். நல்லா தூங்குறேன், நல்லா சாப்பிடுறேன், எல்லாரும் பாசமாத்தான் இருக்காங்க. இந்த அறைக்கு வருகிற பிள்ளைகள் எல்லோரும் இதையேதான் ஒப்பிக்கிறார்கள். எங்கள் பேராசிரியர் இதைக் கூட்டிப் பெருக்கி அட்டவணை போடுவார். அட்டவணையில் ஏறியதும் பொய்க்குக் கோட்டும் சூட்டும் வந்துவிடுகிறது.

பாதியில் கொசு நிறுத்தினாள். "ஒண்ணு கேக்கவா அக்கா? நீங்க எங்க ஆளா, இல்ல சும்மா வேடிக்கை பாக்குற ஆளா?"

இதற்குப் பயிற்சியில் ஒரு பதில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்: இது உங்களைப் பற்றிய உரையாடல். வாய்வரை வந்தது, சொல்ல அருவருப்பாக இருந்தது. ரெக்கார்டரை நிறுத்தினேன்.

"உங்க ஆளுதான்."

"சத்தியமா?"

"இதுல போய் எவளாவது பொய் சொல்வாளாடி?"

 வந்ததிலிருந்து மடியில் அணைத்துக்கொண்டிருந்த பையைத் தரையில் இறக்கினாள். "சரி, ரெக்கார்டரைப் போடுங்க."

கடைசிக் கேள்வி, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் அண்மையில் வந்ததா என்பது. எல்லோரும் இல்லை என்று தாண்டிப் போகிற கேள்வி.

"ஆமா" என்றாள். "போன வாரம்கூட."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் கேள்விக்கு ஆமாம் என்று வந்தால் கீழ்த்தளத்து ஆலோசகரைக் கூப்பிட வேண்டும். அதோடு, பேட்டிக்கு வந்தவர் கொடுத்திருக்கும் அவசர எண்ணுக்கும் ஆய்வின் பெயரைச் சொல்லி அழைக்க வேண்டும். இந்த விதியை ஆரம்பத்திலேயே படித்துக் காட்டியிருந்தேன், பஸ் கண்டக்டர் ஊர்ப்பெயர் சொல்வதுபோலக் கடகடவென்று. அவள் கொடுத்திருந்தது அப்பாவின் எண்.

ஆலோசகர் வந்து அவளருகில் உட்கார்ந்ததும் எதிரே இருந்த பேராசிரியர் அறைக்கு ஓடினேன். இரண்டு அறைக்கும் நடுவில் கண்ணாடித் தடுப்புதான்.

"மேடம், அவ வீட்டுக்குத் தெரிஞ்சா அவளைத் தொலைச்சிருவாங்க."

"சொல்லாம விட்டு ஏதாவது ஆயிடுச்சுன்னா? நீயா பதில் சொல்லுவ?" அதில் நியாயம் இருந்தது. அதனாலேயே எரிச்சல் வந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினார். "இதுவரைக்கும் ஒருத்தரும் இப்படி மனசுவிட்டுப் பேசல. உன்னை எடுத்தது வீண்போகல."

"என்னை எதுக்கு எடுத்தீங்க?"

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.  நேர்முகத் தேர்வில் என் மதிப்பெண் பக்கத்தை அவர் புரட்டவேயில்லை. ஒட்ட வெட்டிய என் முடியைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், "எப்போ சேர்றீங்க?" என்றார். படிப்புக்குக் கிடைத்த வேலை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருக்கிறாள் அம்மா.

"நம்பிக்கையான பெரியவர்னுதான் விதியில இருக்கு. அப்பான்னு இல்ல. எண்ணை மாத்தலாம்ல?"

"அவ சொன்னா மாத்தலாம். யார் இருக்கா அவளுக்கு?"

திரும்பிப் போய் அவள் நாற்காலி அருகே குந்தினேன். நடந்ததைச் சொன்னேன். அவள் பை மறுபடி மடிக்கு வந்திருந்தது.

"என் வாயைக் கிளறத்தான் உங்க ஆளுன்னு சொன்னீங்களா?"

இல்லை என்றால் நம்பப்போவதில்லை. எனக்கே முழுசாக நம்பிக்கை இல்லை. "அப்பாவுக்குப் பதிலா என் நம்பரைப் போடலாமா?" என்றேன்.

"உண்மையான நம்பரா?"

"வேற எப்படி?"

"அப்ப அந்த மேடத்தை இப்பவே அந்த நம்பருக்குக் கூப்பிடச் சொல்லுங்க. நான் இங்கேயிருந்து பாக்குறேன்."

நான் எழுதிக் கொண்டுபோன எண்ணைப் பேராசிரியர் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பேட்டி எடுத்தவளே வேண்டப்பட்டவளும்னா இந்தப் பேட்டியைத் தூக்கிப்போடணும். இந்த அழைப்பு உன் பேரோட பதிவாகும். வேலையும் நிலைக்காது. யோசிச்சுக்கோ."

"கூப்பிடுங்க மேடம்."

மேசைத் தொலைபேசியில் ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். என் சட்டைப்பையில் கைபேசி அலறியது. அவர் ரிசீவரை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

எடுத்தேன். மேசைக்கு அந்தப்பக்கமிருந்தும் காதுக்குள்ளிருந்தும் ஒரே குரல், சற்று முன்னும் பின்னுமாக.

"அந்தப் பொண்ணுக்கு நீங்க என்ன வேணும்?"

கொசு எழுந்து வந்து கண்ணாடியில் நெற்றியை வைத்து நின்றாள். மூச்சுபட்டு அந்த இடம் மங்கியது. உள்ளங்கையால் துடைத்துவிட்டு என் வாயையே பார்த்தாள்.