வேறு பணிகள்: இல்லை

மீரா சாஹிபு நானாவிடம் நான் கேட்டேன். அதை யாரும் மறுக்க முடியாது. நான் கேட்டதும் அவர் பதில் சொன்னதும் அவருடைய கையெழுத்தோடு ஒரு தாளில் இருக்கின்றன. அந்தத் தாளைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு பதின்மூன்று வருடமாக என்னோடு நானே வழக்காடுகிறேன். ஒவ்வொரு தடவையும் வெல்கிறேன். வென்ற பிறகு என் முகத்தைப் பார்க்க எனக்கே பிடிப்பதில்லை.

மெல்பேர்னின் மேற்குப் பக்கத்தில் எங்கள் மாநகரசபை அப்போது ஒரு வெளிநாட்டு வர்த்தக வலயத்தை நடத்திக்கொண்டிருந்தது. பெயர்தான் பெரிது. துறைமுகத்துக்குப் பின்னால் கம்பிவேலி போட்ட ஆறு களஞ்சியங்கள், ஒரு பெரிய கேற், அவ்வளவுதான். கப்பலில் வந்த சாமான் வேலிக்குள் கிடக்கும்வரை சுங்கவரி இல்லை. வெளியே எடுக்கும்போது, எடுத்ததற்கு மட்டும் கட்டினால் போதும். பெரிய கைமுதல் இல்லாத சின்ன வியாபாரிகள் அந்த வேலியை நம்பித்தான் கடை வைத்திருந்தார்கள்.

வலயத்துக்கு மேற்பார்வையாளர் மீரா சாஹிபு. புத்தளத்துக்காரர், வயதில் மூத்தவர் என்பதால் எனக்கு நானா, அவர்கள் பேச்சில் அண்ணன். கொழும்புத் துறைமுகத்தில் வேலை பழகியவர். நான் அருமைநாதன், யாழ்ப்பாணம். கிளேட்டனில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்து, பட்டம் வாங்கிய பிறகும் பெற்றோல் நிலையத்தில் காசாளனாக நின்றவன். அங்கே பெற்றோல் அடிக்க வந்த நானாதான் என் தமிழைக் கேட்டு விசாரித்து, அடுத்த கிழமை மாநகரசபை வேலை விளம்பரத்தை வெட்டிக்கொண்டுவந்து தந்தார். எனக்காக அலுவலகத்தில் போய்ப் பேசியவரும் அவர்தான். அதைப்பற்றி அவர் பிறகு ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கு விளங்கும்.

அவர் செய்த வேலைகளில் ஒன்று எந்தக் காகிதத்திலும் இல்லாதது. எட்டு, ஒன்பது வியாபாரிகள் சேர்ந்து ஒரே கொள்கலனில் சாமான் இறக்குவார்கள். ஜலீலாவின் மாசிக் கருவாட்டுப் பெட்டிகள், ஒரு வியட்நாம்காரரின் பீங்கான் கோப்பைகள், ஒரு சோமாலியப் பெண்ணின் துணிப்பொதிகள் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாக வரும். கிழமை நாட்களில் அவர்கள் கடையை விட்டு வர முடியாது. அதனால் நானா ஞாயிற்றுக்கிழமை காலையில் கேற்றைத் திறந்து, சட்டைக் கையை மடித்து, பெட்டிகளைப் பெயர் பெயராகப் பிரித்து அடுக்கிக் கொடுப்பார். சம்பளம் இல்லை. எட்டு வருடம் ஒரு ஞாயிறும் தவறவில்லை. பெருநாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் தொழுகை முடித்துப் புதுச்சட்டையோடு வந்து நிற்பார்.

மாநகரசபைகள் தங்கள் வேலைகளை டெண்டருக்கு விடவேண்டும் என்று மாநில அரசு உத்தரவு போட்டிருந்த காலம் அது. வலயத்தின் நிர்வாகமும் பட்டியலில் வந்தது. வெளி நிறுவனங்கள் விலை கேட்கலாம். இப்போது வேலை செய்கிறவர்களும் ஒரு குழுவாகச் சேர்ந்து கேட்கலாம். குறைந்த விலைக்கு வேலை. ஆனால் எந்தெந்த வேலைக்கு விலை என்று முதலில் ஒருவர் பட்டியல் எழுத வேண்டும். அந்த ஒருவர் நான்.

பட்டியல் தொடங்குமுன் என் அதிகாரி என்னைக் கூப்பிட்டார். நம்முடைய ஆட்களே வென்றால் எல்லாம் பழையபடி போகும், மேற்பார்க்கப் புதிதாக ஆள் தேவையில்லை என்றார். வெளி நிறுவனம் வென்றால் அதைக் கவனிக்க ஒப்பந்த முகாமையாளர் ஒருவர் வேண்டும், அதற்கு உன் பெயரைத்தான் நினைத்திருக்கிறேன் என்றார். அந்தப் பதவிக்குத் தனி அறை உண்டு. ஆறு வருடமாக ஒரு தட்டிமறைப்புக்குப் பின்னால் இருந்து, பக்கத்துக்காரன் அப்பிள் கடிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தவன் நான். அந்த அறையின் கதவை நினைத்தபடியே வீட்டுக்குப் போனேன்.

மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை களஞ்சியத்துக்குப் போய் நானாவோடு உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன். நாற்பத்தொரு கேள்வி. கடைசிக் கேள்வி, மேலே சொன்னவை தவிர வேறு பணிகள் உண்டா என்பது.

"வேற ஏதும் செய்யிறனீங்களோ நானா?" என்று கேட்டேன்.

அவர் கூச்சத்தோடு சிரித்தார். "அதெல்லாம் ஒரு வேலையா தம்பி? ஒண்டும் இல்லண்டு போடுங்க."

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். எங்கள் ஆட்களிடம் முதல் 'இல்லை' பதிலே அல்ல. அது மரியாதை. சாப்பிடுங்கள் என்றால் வேண்டாம் என்போம். இரண்டாம் தரம் வற்புறுத்தினால் இப்போதுதான் சாப்பிட்டேன் என்போம். மூன்றாம் தரம் கையைப் பிடித்து இருத்தினால் இரண்டு தட்டுச் சாப்பிடுவோம். தான் செய்த நல்லதைத் தன் வாயால் சொல்வது எங்களுக்குக் கேவலம். பக்கத்தில் இருக்கிறவன்தான் எடுத்துச் சொல்ல வேண்டும், அதுவும் எங்கள் மறுப்பை மீறி. நானாவும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பார். நான் மறுபடி கேட்பேன், அல்லது கேட்காமலே எழுதிவிடுவேன் என்று. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எத்தனையோ தரம் நானே போய்ப் பெட்டி தூக்கியிருக்கிறேன்.

நான் 'இல்லை' என்று எழுதினேன். வெள்ளைக்காரன் எழுதுவதுபோல, கேட்டதைக் கேட்டபடி. தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார், எழுதியது நான் என்பதால்.

மறந்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு ஆசை. மறக்கவில்லை. ஞாயிறு வேலை பட்டியலில் ஏறினால் வெளி நிறுவனம் அதற்குத் தனியாக ஆள் போட்டு விலையை ஏற்ற வேண்டிவரும், நானாவின் குழு வென்றுவிடும். பேனா கையில் இருக்கும்போதே இந்தக் கணக்கு என் தலையில் ஓடி முடிந்திருந்தது.

இன்னொரு வாய்ப்பும் கிடைத்தது. விலைகளைத் திறந்த நாளில் நானாவின் குழு கேட்டதற்கும் வெளி நிறுவனம் கேட்டதற்கும் மயிரிழை வித்தியாசம்தான். தேர்வுக் குழுவில் இருந்த ஒரு பெண்மணி, இந்தப் பழைய ஆட்கள் பட்டியலில் இல்லாதது ஏதாவது செய்கிறார்களா என்று கேட்டார். நல்ல மனுசி. நான் நாற்பத்தோராம் கேள்வியைத் திருப்பிக் காட்டினேன். கையெழுத்தைப் பார்த்துவிட்டு அவர் தலையை ஆட்டினார். ஆடி முதலாம் திகதி வலயம் வெளி நிறுவனத்தின் கைக்குப் போனது. நானாவுக்கு ஒரு தேநீர் விருந்தும் ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்து அனுப்பினார்கள். எனக்கு அறை கிடைத்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமையே கேற்றில் பூட்டு. நிறுவனத்தைக் குறை சொல்ல வழியில்லை. ஒப்பந்தத்தில் இல்லாததை அவர்கள் ஏன் செய்ய வேண்டும்? ஒரு கொள்கலனுக்கு ஒரு உரிமையாளர், அல்லது முழுச் சாமானுக்கும் ஒரேயடியாக வரி கட்டி எடுங்கள் என்றார்கள். சின்னக் கடைகளால் இரண்டும் முடியாது. மூன்று மாதத்துக்குள் வியட்நாம்காரர் கடையைச் சாத்தினார். ஜலீலா கொள்கலனில் மிச்சம் இருந்த தன் பங்கைப் பாதி விலைக்கு விற்றாள்.

ஐப்பசியில் வியாபாரிகள் திரண்டு மாநகரசபை மண்டபத்துக்கு வந்தார்கள். தலைவருக்குப் பக்கத்தில் ஒப்பந்த முகாமையாளராக நான் மேடையில் இருந்தேன். வேலையில்லாத நானாவும் வந்து பின்வரிசையில் இருந்தார். ஜலீலா எழுந்தாள். புருசனை இழந்த பிறகு தனியாக நின்று கடை நடத்தியவள், குரலில் நடுக்கம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வேலையே கிடையாது என்று எழுதிக் கொடுத்தது யார், அந்த ஆளை எங்களுக்குக் காட்டுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

இப்போது சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று கத்தியது. நான் தண்ணீர் குடித்தேன்.

பின்வரிசையில் நானா எழுந்தார். கையெழுத்துத் தன்னுடையதுதான் என்றார். அந்த அதிகாரி ஒழுங்காகக் கேட்டார், நான்தான் இல்லை என்று சொன்னேன், அவர்மேல் பிழையில்லை என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்.

தலைவர் என் பக்கம் திரும்பி, அது சரியா என்று கேட்டார்.

சரி என்றேன். ஒலிவாங்கி அதை மண்டபம் முழுக்கக் கொண்டுபோனது.

ஜலீலா நானாவைத் திரும்பிப் பார்த்தாள். எட்டு வருடம் தன் பெட்டிகளைத் தூக்கிக் கொடுத்த மனிதரை அவள் பார்த்த பார்வையை நான் மேடையிலிருந்து கண்டேன். "நீங்களா நானா? எங்கட வயித்துல அடிக்க உங்களுக்கு எப்புடி மனம் வந்திச்சு?" என்று தமிழில் கேட்டாள். கூட்டம் கலையும்போது அவருக்கு இரண்டு பக்கக் கதிரைகளிலும் இருந்தவர்கள் அவரிடம் ஒரு சொல் பேசாமல் எழுந்து போனார்கள். சோமாலியப் பெண் மட்டும் அவருக்குத் தலையசைத்தாள். அதுவும் பழக்கத்தில் செய்ததுபோல் இருந்தது.

வெளியே கார் தரிப்பிடத்தில் என் காருக்குப் பக்கத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். ஏசட்டும் என்று உண்மையாகவே வேண்டினேன். அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். இரண்டு வார்த்தை என்னைக் கேட்டிருந்தால் எல்லாவற்றையும் அவர் காலடியில் கொட்டியிருப்பேன் என்று இன்றைக்கும் நம்புகிறேன், அப்படி நம்புவது எனக்கு வசதியாக இருக்கிறது.

அவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்தார். மனம் வருந்திய முகம்.

"என்ட வாயால உங்களையும் மேடையில தலைகுனிய வெச்சிட்டன் தம்பி. ஒழுங்காச் சொல்லியிருக்கோணும், சொல்லல்ல. மன்னிச்சிக்கோங்க."

"பரவாயில்லை நானா" என்று சொல்லி நான் அவரை மன்னித்தேன்.