ஒருவர் மட்டும் உள்ள கட்டம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் சொந்தச் சரக்கு அல்ல. கருத்துக்கணிப்பு அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருத்தி என்னிடம் புலம்பியது. முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மழை பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில், அவள்...’

(மழையெல்லாம் பெய்யவில்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.)

2

யார் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு, பெயரில்லாமல் குறித்துவருவார்கள். அதை மக்கள்தொகைக் கணக்கோடு பொருத்தி, தெரு, வயது, தொழில் வாரியாக அட்டவணைக் கட்டங்களில் பிரித்துப் போடுவது அவள் வேலை. ஒரு கட்டத்தில் பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்துவிட வேண்டும்.* இந்த முறை மேலாளர் சேர்க்கவே கூடாது என்றுவிட்டார். காசு கொடுத்து இந்தக் கணிப்பை எடுக்கச் சொன்னவர் தோற்றுப்போன வேட்பாளர். தன் ஓட்டு எந்தத் தெருவில் ஒழுகியது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

கடைசித் தெருவில் ஒரு கட்டம். பெண், அறுபதுக்கு மேல், தனியாக இருப்பவர், தையல் தொழில். மக்கள்தொகைக் கணக்கிலும் ஒருவர்தான். ஓட்டு, எதிர்த்தரப்புக்கு.

அவளுக்குச் சுரீரென்றது. அது அவளுடைய சித்தி. சித்தி வாடகைக்கு இருப்பது அந்த வேட்பாளரின் வீட்டில்தான். தெரிந்தால் மறுநாளே காலிசெய்யச் சொல்லிவிடுவார்.

* எளிய விதி. கூட்டத்தில் நின்றால் யாராலும் அடையாளம் காண முடியாது.

3

(சித்தியை நான் கொஞ்சம் சந்தேகித்தேன். முன்பின் தெரியாதவரிடம் யாராவது இப்படிப் பட்டென்று சொல்வார்களா? அவளுக்கும் அதே கேள்விதான், ஆத்திரமும்கூட. போன் போட்டாள்.)

“ஏன் சித்தி, கேட்டா உடனே சொல்லிடறதா?”

“பேரு எழுத மாட்டோம்னாங்கடி. உங்க ஆபீஸ்னு வேற சொன்னாங்க. நீ இருக்கியேன்னு நம்பிச் சொன்னேன்.”

4

“சார், இந்த ஒரு கட்டத்த மட்டும் பக்கத்துத் தெருவோட சேத்துடறேனே.”

“ஒண்ண மட்டும் சேத்தா, அங்கதான் என்னவோ இருக்குன்னு சந்தேகம் வரும்மா. அஞ்சு மணிக்கு அனுப்பியாகணும்.”

முடிவு ஒன்று: எல்லாக் கட்டங்களையும் விதிப்படி சேர்த்து அனுப்புகிறாள்; வேலை போகிறது.

முடிவு இரண்டு: அப்படியே அனுப்புகிறாள், சித்தி தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு...

(இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.)

5

நடந்தது எது என்று எனக்குத் தெரியும். சொல்வதாகத்தான் இருந்தேன். எழுதியதை ஒருமுறை திருப்பி வாசித்தேன்: பெண், அறுபதுக்கு மேல், தனியாக, தையல், கடைசித் தெரு. வெட்கமாகிவிட்டது. அவள் மூடப் பார்த்த கட்டத்தை நானே திறந்து வைத்திருக்கிறேன்.

ஆகவே திருத்துகிறேன். அது கடைசித் தெரு அல்ல. தொழில் தையல் அல்ல. வயதை மறந்துவிடுங்கள். சித்தி என்பதும் அத்தையாகவோ பெரியம்மாவாகவோ இருக்கலாம்.

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதும் முன், உங்களுக்குத் தெரிந்த பெண்களில் பத்துப் பேரையாவது அந்தக் கட்டத்தில் சேர்த்துவிடுங்கள்.