பத்து முழச் சேலை

செல்லாயி ஒளிச்சு வச்சுத் திங்கிறான்னு தோட்டத்து லயம் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சது நான்தான். வேற யாருமில்ல, இந்தக் காளியம்மாதான். அதை முதல்லயே சொல்லிப்புடுறேன். கடைசியில வந்து நல்லவ மாதிரி மூக்கைச் சிந்துறவளைக் கண்டா எனக்கே பிடிக்காது.

செல்லாயி எனக்கு அடுத்த கதவு. புருசன் பேரு பத்துமலை, தோட்டத்துல மாட்டு வண்டி ஓட்டுறவன். பிள்ளை குட்டி இல்ல. அவளுக்கு நல்ல பெரிய உடம்பு. தோளும் இடுப்பும் கையும் காலும் எல்லாமே தாராளம். ரெண்டு வாளி நிறைய கித்தாப் பாலை, ரப்பர் மரத்துப் பாலை, காண்டாக் கம்போட ரெண்டு நுனியிலயும் மாட்டித் தோள்ல போட்டுக்கிட்டு மேட்டு மர நிரையில இருந்து இறங்கி வந்தான்னா ஆம்பளைகளே ஒதுங்கி வழி விடுவாங்க. ஒரு சொட்டு சிந்தாது. நான் ஈர்க்குச்சி. அரை வாளியைத் தூக்கிக்கிட்டு பாதி வழியில மூச்சு வாங்கி நிப்பேன், அவதான் தன் பாலைக் கொட்டிட்டுத் திரும்பி வந்து என் வாளியையும் தூக்கிட்டுப் போவா. எனக்கு அவ மேல பொறாமை. அப்ப அதைப் பொறாமைன்னு நான் ஒத்துக்கல, அவ்வளவுதான்.

செருமன்காரனோட நடந்த பெரிய சண்டை முடிஞ்சு ரெண்டு வருசம் இருக்கும். அரிசித் தட்டுப்பாடு வந்துச்சு. ரங்கூன்ல இருந்து வர்ற புழுங்கலரிசி நின்னு போயி, தோட்டத்துக் கடையில சியாம் பச்சரிசி போட ஆரம்பிச்சாங்க. வெள்ளை வெளேர்னு மல்லிகை மொட்டாட்டம் இருக்கும். எங்களுக்கு வாயெல்லாம் பல்லு. கணக்கெழுதுற கிராணி வீட்டுல திங்கிற அரிசி நமக்கும் வந்துருச்சேன்னு ஆளாளுக்குப் பெருமை.

அந்தச் சமயத்துலதான் பத்துமலை ஈப்போவுக்குப் போனவன் பசார் ஓரத்துல தரையில விரிச்சு விக்கிறவன்கிட்ட ஒரு சேலை வாங்கிட்டு வந்தான். அரக்குச் சேலை, மஞ்சக் கரை. பத்து முழம்னு சொல்லித்தான் வாங்கினானாம். தண்ணிக் குழாய்க்கிட்ட நாங்க பத்துப் பன்னண்டு பொம்பளைங்க நின்னோம். கட்டிக்கிட்டு வாடி பார்ப்போம்னு நாங்களே அவளை உள்ளே தள்ளி விட்டோம். வெளியே வந்தா. கொசுவம் வைக்கத் துணி பத்தல, முந்தானை தோளோட நின்னு போச்சு. ஒரு கையால இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு ஒரு கையால முந்தானையை இழுத்துக்கிட்டு நின்னா.

நான் விட்டேனா? "உனக்கெல்லாம் சேலை பத்தாதுடி, மாரியம்மன் கோயில் பந்தல் துணியை இறக்கித்தான் சுத்தணும்"னு குழாயடிக்கே கேக்குற மாதிரி சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. பத்துமலையும் சிரிச்சான். செல்லாயியும் சிரிச்சா. அவளும் சிரிச்சதால அதுல ஒண்ணும் தப்பில்லைன்னு நான் நினைச்சுக்கிட்டேன்.

அன்னிக்குப் பொழுது சாயுற நேரத்துல விறகு பொறுக்கப் போனப்ப என் பக்கத்துல வந்து, நான் எப்படிடி காளி எளைக்கிறதுன்னு மெதுவாக் கேட்டா. என் வாழ்க்கையில யாரும் என்கிட்ட யோசனை கேட்டதில்ல. எனக்குத் தலைகால் புரியல. பருப்பை விடு, கருவாட்டை விடு, கீரையை எண்ணெய் விட்டு வதக்குறே பாரு, அதையும் விடு, பச்சரிசிக் கஞ்சி மட்டும் குடி, வேற ஒண்ணும் வாயில வைக்காதேன்னு அடுக்கினேன். அரிசியை நாலு தண்ணி நல்லாக் கசக்கிக் கழுவணும், அப்பத்தான் அதுல இருக்கிற கொழுப்பு போகும்னு வேற சொன்னேன். அது எனக்கு யாரும் சொல்லிக் குடுத்ததில்ல. வாய்க்கு வந்ததை அடிச்சு விட்டேன்.

அவ சொன்னா சொன்னபடி செய்யுறவ. மறுநாளே பிடிச்சுக்கிட்டா. முதல் மாசம் கன்னம் கொஞ்சம் வத்துச்சு. குழாயடியில எல்லாரும் நல்லாருக்கே நல்லாருக்கேன்னாங்க. எல்லாம் என் வைத்தியம்னு நான் நெஞ்சை நிமித்திக்கிட்டு நடந்தேன்.

மூணாம் மாசம் அவ காலு ஊதுச்சு. முதல்ல பாதம், அப்புறம் கெண்டைக்கால். தண்டையைக் கழட்ட முடியாம சோப்புப் போட்டு இழுத்தோம், வரல. அப்புறம் முகமும் வயிறும் ஊதுச்சு. நாலு மரத்துல பால் வெட்டுறதுக்குள்ள உக்காந்துருவா. நெஞ்சு அடிச்சுக்குதுடின்னு என் கையைப் பிடிச்சு மார்ல வச்சா. திடுக்திடுக்னு அடிச்சுச்சு. எனக்கு இரக்கமா வந்துச்சுங்கிறே? கோவம்தான் வந்துச்சு. நான் சொன்னபடி வெறும் கஞ்சி குடிச்சா எப்படி ஊதும்? என் பேரைக் கெடுக்கவே களவாத் திங்கிறா. அப்படித்தான் என் புத்தி போச்சு. அன்னிக்கே அதைச் சொல்லவும் சொன்னேன். ரெண்டே நாள்ல லயத்துல எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. பத்துமலை அவ இல்லாத நேரத்துல பானை சட்டியெல்லாம் திறந்து பாத்தான். ஒண்ணும் கிடைக்கல. கிடைக்காததால இன்னும் கெட்டிக்காரியா ஒளிக்கிறான்னு பேசிக்கிட்டாங்க.

எங்க தோட்டத்துல விடியக்காலைப் பெரட்டுல பேர் கூப்பிட்டு முடிஞ்சதும் நோவாளிங்க தனியா ஒரு பக்கம் நிக்கணும். மருந்து குடுக்கிற டிரஸ்ஸர் அருளம்பலம் ஐயா வந்து ஒவ்வொருத்தரா பாப்பாரு. யாழ்ப்பாணத்துக்காரரு, நோவை வருத்தம்னுதான் சொல்வாரு. கெட்ட மனுசன்னு சொல்ல மாட்டேன், ஆனா அவருக்கு ஒரு வழக்கம். கண்ணை இழுத்துப் பாப்பாரு, புஜத்தைக் கிள்ளிப் பாப்பாரு. எலும்பா இருந்தா சீட்டு எழுதி ஆஸ்பத்திரிக்கு. சதை கையில பிடிபட்டா நிரைக்கு, வேலைக்கு. சீட்டு இல்லாம தோட்டத்தை விட்டுப் போனா பேரை வெட்டிருவாங்க, வீடும் போயிரும்.

செல்லாயி ரெண்டு தடவை அந்தப் பக்கம் போய் நின்னா. முதல் தடவை, உந்த உடம்புக்கு என்ன வருத்தம் பிள்ளை, சாப்பாட்டைக் குறையும், வேலையைக் கூட்டும்னு சொல்லி பேதி உப்பு குடுத்து அனுப்பிட்டாரு. ரெண்டாம் தடவை புஜத்தைக்கூட கிள்ளல. அந்தக் கையைத் தூரத்துல பாத்ததுமே போ போன்னுட்டாரு. பெரட்டுல நின்னவங்க சிரிச்சாங்க. நானும் அதுல ஒருத்தி.

பன்னி வளக்குற சீனத்தி ஒருத்தி ரெண்டு நாளைக்கு ஒருக்கா கழுநீர் எடுக்க லயத்துக்கு வருவா. செல்லாயி வீட்டுக் கழுநீர்னா அவளுக்கு உசிரு, அம்புட்டுக் கெட்டியா இருக்கும். அன்னிக்கு ஞாயித்துக்கிழமை. செல்லாயி வாசல்ல காலை நீட்டி உக்காந்திருந்தா, எந்திரிக்க முடியல. வந்தவ தகரத்தைக் கீழே வச்சுட்டு அவ காலையே பாத்தா. குனிஞ்சு கட்டைவிரலால முழங்காலுக்குக் கீழே அழுத்தி எடுத்தா. விரல் போன குழி அப்படியே இருந்துச்சு. நான் பாத்துக்கிட்டே நிக்கிறேன், அந்தக் குழி நிரம்பவே இல்ல.

"இனி புக்கான் கெமோக். ஆயெர்"னா அவ மலாய்ல.

இது கொழுப்பில்ல, தண்ணின்னு சொல்றா. அவ அண்ணன் ஈயம் தோண்டுற கொல்லையில வேலை செஞ்சவனாம். இப்படித்தான் காலு ஊதி, நெஞ்சுக்கு ஏறி, சோறு திங்கையிலேயே சாஞ்சு செத்தானாம். எத்தனை நாள்லன்னு கேட்டேன். நெஞ்சைத் தொட்டுக் காட்டி, இங்க வந்துட்டா நாளே இல்லன்னா.  செல்லாயி நெஞ்சு அடிச்சதைத்தான் நான் கையாலேயே தொட்டுப் பாத்திருந்தேனே.

மறுநாள் பெரட்டுக்கு நானும் பத்துமலையும் அவளைத் தாங்கிக் கூட்டிக்கிட்டுப் போனோம். டிரஸ்ஸரையா வந்தாரு. சீனத்தி சொன்னதைச் சொன்னேன். அவரு சிரிச்சாரு. அது சீன ஆக்களுக்கு வாற வருத்தம், தமிழருக்கு வாறதில்லை, பத்து வருசத்தில நான் ஒண்டும் காணேல்லைன்னாரு. அவரு சொன்னது பொய்யில்ல. நாங்க புழுங்கலரிசி தின்ன காலம் வரைக்கும் எங்களுக்கு அது வந்ததே இல்ல. சொல்லிட்டு அடுத்த ஆள்கிட்ட நகந்தாரு.

எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்துச்சோ தெரியல. அவரு கையை எட்டிப் பிடிச்சேன். டிரஸ்ஸர் கையை, பெரட்டுக்களத்துல, இருநூறு பேரு பாக்க. கங்காணி பிரம்பைத் தூக்கிட்டு ஓடி வாரான். நான் விடல. அவரை இழுத்துக் குனிய வச்சு, அவரு கட்டைவிரலை செல்லாயி கால்ல வச்சு அழுத்தினேன். எடுத்தேன். அவரு விரல் போன குழி அப்படியே கிடந்துச்சு.

அவரு பிரம்புக்காரனைக் கையைக் காட்டி நிறுத்தினாரு. அடுத்த கால்லயும் தானே அழுத்திப் பாத்தாரு. அப்புறம் நெஞ்சுல காதை வச்சுக் கேட்டாரு. நிமிந்தப்ப மூஞ்சி வெளுத்துப் போச்சு.

"என்ன சாப்பிட்டனீர்?"னாரு.

"கஞ்சி, ஐயா."

"வேறை?"

"வேற ஒண்ணும் இல்ல. மூணு மாசமா."

"ஆர் உமக்கு இப்பிடிச் சொல்லித் தந்தது?"

செல்லாயி என்னைத் திரும்பிப் பாத்தா. ஒரு தடவைதான்.

"யாரும் சொல்லல. எனக்கா தோணுச்சு, ஐயா."

டிரஸ்ஸர் கையைப் பிடிச்சு இழுத்தவ நான். நான்தான் சொன்னேன்னு அந்த ஒரு வார்த்தை என் வாயில இருந்து வரல. மண்ணைப் பாத்துக்கிட்டு நின்னேன். அவரு சீட்டு எழுதினாரு. பத்துமலை தன் வண்டியிலேயே அவளைப் போட்டுக்கிட்டு பத்து காஜா ஊரு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். வண்டி திரும்புற வரைக்கும் அவ என்னையே பாத்துக்கிட்டுப் போனா.

ரெண்டு மாசம் அங்க கிடந்தா. பச்சைப் பயறும் தவிட்டுக் கஞ்சியும்தான் மருந்தாம். அரிசியோட மேல்தோல்ல இருக்கிற சத்து இல்லாமத்தான் இந்த நோவு வருதுன்னு பெரிய டாக்டர் சொன்னதாப் பத்துமலை வந்து சொன்னான். பச்சரிசியில அது ஏற்கனவே போயிருச்சு. ஒட்டிக்கிட்டிருந்த கொஞ்சநஞ்சத்தையும் நான் சொன்ன நாலு தண்ணி கழுவி எடுத்துருச்சு. அது அத்தனையும் சீனத்தியோட பன்னிக்குப் போச்சு. அதைக் கேட்டுட்டு நான் அன்னிக்கு உலை வைக்கல.

செல்லாயி திரும்பி வந்தப்ப எனக்கு அடையாளம் தெரியல. தண்ணியெல்லாம் இறங்கி, தோள் எலும்பு துருத்திக்கிட்டு, கன்னம் ஒட்டிக் கிடந்தா. வலது பாதத்தைத் தூக்க முடியாம இழுத்து இழுத்து வச்சா. இருபது அடி நடந்தா உக்காரணும். காண்டாக் கம்பை அவ தோள் இனிமே தாங்காது. பிள்ளைங்களை விட்டுட்டுப் போற ஆயாக் கொட்டகையில தொட்டில் ஆட்டுற வேலை குடுத்தாங்க. டிரஸ்ஸரையா இப்பெல்லாம் நோவாளின்னு யாரு வந்து நின்னாலும் முதல்ல கால்லதான் விரலை வச்சு அழுத்துறாரு. அவளைப் பாத்தா தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிருவாரு.

ஆனா குழாயடியைக் கேக்கணுமே. செல்லாயிக்கு எம்புட்டு லட்சணம் வந்துருச்சு, கொடி மாதிரி ஆயிட்டாளேன்னு ஆளாளுக்குக் கன்னத்தைத் தடவுறாளுக. அவ கவுத்துப் போட்ட வாளி மேல உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தா. சிரிக்கல.

மூணாவது கதவுக்குப் புதுசாக் கல்யாணமாகி வந்தவ நவமணி. வாட்டசாட்டமான பொண்ணு, செல்லாயி முன்ன இருந்த மாதிரியே. அவ என் பக்கத்துல நகந்து வந்து, செல்லாயக்கா என்ன சாப்பிட்டு எளைச்சாங்க, எனக்கும் சொல்லுங்கக்கான்னு காதோரமா கேட்டா. என் வீட்டுக்காரரு என்னைப் பாத்துச் சிரிக்கிறாருக்கான்னா.

 குடத்தை அங்கேயே வச்சேன். பருப்பை விடச் சொன்னது நான், கஞ்சி குடிக்கச் சொன்னது நான், அரிசியைக் கழுவச் சொன்னது நான், ஒளிச்சுத் திங்கிறான்னு சொன்னதும் நான், அவ சாகக் கிடந்தப்ப வாயைத் திறக்காம நின்னதும் நான்னு எல்லாரும் கேக்கச் சொன்னேன். பத்துமலை மாட்டுக்குத் தண்ணி எடுக்க வந்தவன் அப்படியே நின்னுட்டான்.  

செல்லாயிதான் பேசினா. என்னைப் பாக்காம நவமணியைப் பாத்துக்கிட்டே சொன்னா.

"காளி, அந்த அரக்குச் சேலை பெட்டியிலதான் கிடக்கு. இந்தப் பொண்ணுக்குக் குடு. சுத்தி வரலேன்னா ஒட்டுப் போட்டுத் தைச்சுக் குடு."

அவ்வளவுதான் சொன்னா. திட்டியிருந்தா தாங்கியிருப்பேன்.

அன்னிக்கே அவ பெட்டியில இருந்து சேலையை எடுத்து வந்து என் வாசல்ல விரிச்சேன். எவ்வளவு ஒட்டுத்துணி வேணும்னு பாக்கணுமே, அதுக்காக முழம் போட்டேன். எனக்குக் குட்டைக் கை. அந்தக் கைக்கே எட்டேகால் முழம்தான் வந்துச்சு. தப்பா அளந்துட்டேனோன்னு அந்தத் தலைப்புல இருந்து இன்னொரு தடவை போட்டேன். எட்டேகால்தான்.

ஊசியைக் கீழே போட்டுட்டு சேலையை வாரிக்கிட்டு அடுத்த கதவுக்குப் போனேன். செல்லாயி தரையில காலை நீட்டிக்கிட்டு கீரை ஆய்ஞ்சுக்கிட்டிருந்தா. சேலையை மடியில போட்டு, பத்து முழம் இல்லடி இதுன்னேன். என்னையும் சேலையையும் மாத்தி மாத்திப் பாத்தா. கையைத் துடைச்சுக்கிட்டு, தலைப்பைப் பிடிச்சு, முழங்கையில வச்சு, ஒண்ணு ரெண்டுன்னு வாய்விட்டு எண்ணிக்கிட்டே அளந்தா.

அவ கைக்கு ஏழரை முழம்தான் இருந்துச்சு.